மாணிக்கக் கதிர் மலையேறிய கதை

ஒக்கம்பிட்டியவில் இரத்தினக்கல் குழி வெட்டுகிறவர்களுக்கு மண்ணின் அடுக்குகள் மனப்பாடம். மேல்மண், களிமண், அதற்கடியில் ‘இல்லம்’ என்று அவர்கள் சொல்லும் சரளைப் படை. அந்தச் சரளையை வாரிக் கூடையில் அலசினால் கோமேதகம் வரும், நீலம் வரும், யோகம் இருந்தால் சிவப்பும் வரும். 2012ஆம் ஆண்டு கதிர்காமத்துக்குப் பக்கத்தில் வீதி வேலைக்காகக் கொட்டிய மண்ணில் நீலக்கற்கள் மின்னியபோது சனம் மண்வெட்டியோடு ஓடியது. அந்த இடத்துக்குக் காவல் போட வேண்டியதாயிற்று. ஊவா மாகாணத்தின் தெற்குக் கோடியில் நடந்த சங்கதி அது.

நீலமும் சிவப்பும் ஒரே தாதுதான். அலுமினியமும் ஒட்சிசனும் சேர்ந்த குருந்தம். அதில் இரும்பும் தைத்தானியமும் கலந்தால் நீலம். குரோமியம் துளி கலந்தால் சிவப்பு, அதாவது மாணிக்கம், ரூபி. உலகின் முதல் லேசர் கதிர் இந்தச் சிவப்புக் கல்லிலிருந்துதான் புறப்பட்டது. ஆனால் எந்தக் குழியிலும் கிடைத்த கல்லல்ல அது. 1902இல் பிரெஞ்சு இரசாயனவியலாளர் ஒகுஸ்த் வெர்னுய் அறிவித்த முறையில், 2,000 பாகை செல்சியஸைத் தாண்டிய சுவாலையில் தூளை உருக்கிச் சொட்டுச் சொட்டாக வளர்த்த கல். அதே வெர்னுய் முறைக் கற்கள்தான் இன்றும் நம் ஊர்ச் சந்தைகளில் விவரம் தெரியாதவர் தலையில் ‘அசல் மாணிக்கம்’ என்று கட்டப்படுகின்றன. நகைக்கடையில் மதிப்பில்லாத கல்லுக்கு ஆய்வுகூடத்தில் மவுசு வந்ததற்குக் காரணம் உண்டு. மண்ணில் விளைந்த மாணிக்கத்துக்குள் ஊசி ஊசியாகப் பிற தாதுக்கள் ஓடியிருக்கும். இரும்பு கலந்திருந்தால் ஒளிர்வு மங்கும். லேசருக்கு வேண்டியது குறையற்ற, அளந்து குரோமியம் கலந்த கல். அழகுக்குக் குறை அழகு சேர்க்கலாம், கதிருக்குச் சேர்க்காது.

இந்தக் கட்டுரை அந்தக் கல்லின் கதிரைப் பற்றியது. ரூபி லேசர் இன்று பெரும்பாலும் அருங்காட்சியகச் சரக்கு. ஆனால் அது முதன்முதலில் பழகிய வேலைகளில் இரண்டு, கண்ணுக்குள் சூடு வைப்பதும் தூரத்தை அளப்பதும், ஊவாவின் தோட்டங்களுக்கு இப்போது மிகவும் வேண்டியவை. கருவி பிறந்து அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த வேலைகளின் பலன் லயத்து வாசல்வரை முழுசாக வந்துசேரவில்லை என்பதே என் கட்சி.

விரல்நுனி அளவு கல்

1960 மே 16. கலிபோர்னியாவின் மாலிபுக் கடற்கரைக்கு மேலே ஹியூஸ் ஆய்வுகூடம். தியோடர் மைமன் என்ற 32 வயது இயற்பியலாளர், விரல்நுனிப் பருமனுள்ள ரூபி உருளையைச் சுருள் வடிவான ஃப்ளாஷ் விளக்குக்குள் நுழைத்தார். புகைப்படக்காரர்கள் பயன்படுத்தும் ரக விளக்கு. உருளையின் இரண்டு முனைகளிலும் வெள்ளிப் பூச்சு. ஒரு முனையில் கதிர் வெளியேற வழி. மின்சாரத்தைச் சேமித்து ஒரே வீச்சில் விளக்குக்குள் பாய்ச்சினார். கல்லிலிருந்து ஆழ்ந்த சிவப்பு ஒளித்துடிப்பு புறப்பட்டது. அலைநீளம் 694.3 நனோமீற்றர்.

உள்ளே நடந்தது இதுதான். குரோமிய அணுக்கள் பச்சை ஒளியையும் ஊதா ஒளியையும் விழுங்கும். விழுங்கியதை உடனே கக்குவதில்லை; ஆயிரத்தில் மூன்று பங்கு விநாடி தேக்கிவைக்கும். அணு உலகத்தில் அது நெடுங்காலம். விளக்கு போதிய பலத்தோடு அடித்தால் பாதிக்கு மேற்பட்ட அணுக்கள் அப்படித் தேங்கி நிற்கும். அந்த நிலையில் ஓர் அணு சிவப்பு ஒளியை விட்டால், அது பக்கத்து அணுவைத் தட்டி அதே நிறத்தில், அதே திசையில், அதே லயத்தில் ஒளி விடவைக்கும். முனைக் கண்ணாடிகளுக்கிடையே அந்த ஒளி போய்த் திரும்பப் பெருகிப் பெருகி, ஒரு முனை வழியாகக் கற்றையாகப் பாயும். சாதாரண விளக்கொளி நாலாபக்கமும் சிதறும், இது சிதறாது. லேசரின் பல உபயோகங்கள் இந்தக் குணத்திலிருந்து வந்தவை.

மைமனின் கட்டுரையை அமெரிக்காவின் முன்னணி இயற்பியல் சஞ்சிகை ஏற்கவில்லை. லண்டனிலிருந்து வரும் ‘நேச்சர்’ 1960 ஓகஸ்ட் 6 இதழில் சின்னஞ்சிறு குறிப்பாக வெளியிட்டது. அதற்கு முன்பே நியூயோர்க்கில் செய்தியாளர் சந்திப்பு நடந்து, பத்திரிகைகள் ‘மரணக் கதிர்’ என்று தலைப்புப் போட்டுவிட்டன. படம் பிடிக்க வந்தவருக்கு அசல் கருவி பார்வைக்குப் போதாமல் சின்னதாக இருந்ததால், இன்னொரு பெரிய விளக்கையும் கல்லையும் மைமன் கையில் கொடுத்துப் படமெடுத்தார். இன்றும் பாடப்புத்தகங்களில் வருவது அந்தப் படம்தான். விஞ்ஞானத்தின் பெரிய நாளொன்று தவறான கருவியோடு வரலாற்றில் பதிந்திருக்கிறது என்பதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம்.

கருவி கிடைத்துவிட்டது. எதற்கு? மைமனின் உதவியாளர் இர்னி டிஹேனன்ஸ், இது கேள்வியைத் தேடி அலையும் விடை என்று வேடிக்கையாகச் சொன்னார். ஆரம்ப நாட்களில் லேசரின் பலத்தை அளக்கச் சரியான அலகுகூட இல்லை. எத்தனை சவர அலகுகளைத் துளைக்கிறது என்று எண்ணி, ‘இத்தனை ஜில்லெட்’ என்று ஆய்வாளர்கள் சொல்லிக்கொண்டார்கள்.

கேள்விகள் வரிசையாக வந்தன. 1961இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பீட்டர் ஃபிராங்கன் குழு ரூபிக் கதிரைப் படிகக்கல் வழியே செலுத்தி, அலைநீளம் பாதியான புற ஊதா ஒளியைப் பெற்றது. சான்றாக அனுப்பிய படத்தில் அந்த ஒளி மங்கலான புள்ளியாக விழுந்திருந்தது. அச்சுக்கூடத்தில் அதை அழுக்கென்று நினைத்து அழித்துவிட்டார்கள். கட்டுரை சான்றில்லாத படத்தோடு வெளிவந்தது. 1965இல் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனம் செம்புக் கம்பி இழுக்கும் வைர அச்சுகளில் துளையிட ரூபி லேசரைத் தொழிற்சாலைக்குக் கொண்டுவந்தது. வைரத்தை வைரத் தூளால் தேய்த்துத் துளைக்க நாள் கணக்கில் ஆன வேலை நிமிடக் கணக்கில் முடிந்தது. 1969இல் பிரித்தானியாவின் கல்ஹம் ஆய்வுகூட விஞ்ஞானிகள், பனிப்போர் உச்சத்தில், டன் கணக்கான சாமான்களோடு மொஸ்கோவுக்குப் போனார்கள். சோவியத் அணுச்சேர்க்கை உலையான டி-3க்குள் ஒரு கோடி பாகை வெப்பம் இருப்பதாக ரஷ்யர்கள் சொன்னதை மேற்கு நம்பவில்லை. எந்த வெப்பமானியும் ஒரு கணம்கூடத் தாங்காத அந்த நெருப்புக்குள் ரூபிக் கதிரைச் செலுத்தி, சிதறிவந்த ஒளியை அளந்து, ரஷ்யர்கள் சொன்னது மெய்யென்று பிரித்தானியர்களே அறிவித்தார்கள். அதன் பிறகுதான் அந்த ரக உலைகளை உலகம் முழுக்கக் கட்டத் தொடங்கினார்கள்.

கம்பி இழுக்கும் ஆலையும் அணு உலையும் பதுளையில் இல்லை. பதுளையில் இருப்பது கண்.

கண்ணுக்குள் வைத்த சூடு

1945 ஜூலையில் ஐரோப்பாவில் தெரிந்த சூரிய கிரகணத்தை வெறுங்கண்ணால் பார்த்த மருத்துவ மாணவர் ஒருவரின் விழித்திரை வெந்துபோனது. ஜெர்மன் கண் வைத்தியர் கெர்ட் மாயர்-ஷ்விக்கராத் அந்தத் தழும்பைப் பார்த்தார். கிழிந்துபோன விழித்திரையை இப்படி அளவாகச் சுட்டே ஒட்டவைக்கலாமே என்று யோசித்தார். முதலில் கூரைமேல் கண்ணாடி வைத்துச் சூரிய ஒளியைக் கண்ணுக்குள் பாய்ச்சினார். மேகம் வந்தால் வைத்தியம் நின்றுவிடும். பிறகு செனன் விளக்கு வந்தது. அது சுடுவதற்கு நேரமெடுத்தது, வலித்தது, கண் அசையாமல் இருக்க மயக்க ஊசி வேண்டியிருந்தது.

ரூபி லேசர் அந்த இடத்தில் நுழைந்தது. 1961 டிசம்பரில் நியூயோர்க்கின் கொலம்பியா-பிரெஸ்பிட்டேரியன் வைத்தியசாலையில் சார்ள்ஸ் கேம்பல் ஒரு நோயாளியின் விழித்திரைக் கட்டியை ரூபித் துடிப்பால் சுட்டழித்தார். மைமனின் கல் ஒளிர்ந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. துடிப்பு ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடிக்குள் முடிந்துவிடுவதால் கண் அசைய நேரமில்லை, வலியும் சொற்பம்.

ஆனால் ரூபிக்கு ஒரு குறை. அதன் ஒளி சிவப்பு, இரத்தமும் சிவப்பு. சிவப்புப் பொருள் சிவப்பு ஒளியை விழுங்காது. விழித்திரைக் கிழிசலை ஒட்டுவதற்கு ரூபி போதும். இரத்தக் குழாயை அடைக்கப் போதாது. சீனி வருத்தம் கண்ணைக் கெடுப்பதோ இரத்தக் குழாய்கள் வழியாகத்தான். சீனி கூடிக் கூடி விழித்திரையின் நுண்குழாய்கள் கசிந்து அடைபடும். பிராணவாயு கிடைக்காத விழித்திரை புதுக் குழாய்களை முளைக்கவிடும். அந்தப் புதுக் குழாய்கள் மெலிந்தவை; ஒரு நாள் உடைந்து கண்ணுக்குள் இரத்தம் கொட்டும், பார்வை போகும்.

குறையிருந்தும் ரூபி இந்த நோயில் ஒரு பெரிய வழியைத் திறந்துவிட்டது. பொஸ்டன் நகரின் ஜொஸ்லின் கிளினிக்கில் வில்லியம் பீத்தமும் லொயிட் அயெல்லோவும் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார்கள். வேறு நோயால் விழித்திரையில் தழும்பு ஏறியவர்களுக்குச் சீனி வருத்தம் வந்தாலும் அந்தக் கண் அவ்வளவாகக் கெடுவதில்லை. அப்படியானால் நாமே தழும்பை உண்டாக்கினால் என்ன? 1967 முதல் அவர்கள் ரூபி லேசரால் விழித்திரையின் ஓரப் பகுதிகளில் புள்ளி புள்ளியாகச் சூடு வைத்தார்கள், குழாயைக் குறிவைக்காமலே. ஓரத்தில் கொஞ்சம் விழித்திரையைப் பலிகொடுத்தால் பிராணவாயுத் தேவை குறைகிறது, புதுக் குழாய்கள் வாடுகின்றன, நடுப்பார்வை தப்புகிறது. 1968இல் பிரான்சிஸ் லெஸ்பெரன்ஸ் ஆர்கன் லேசரைக் கண்ணுக்குக் கொண்டுவந்தார். அதன் நீலப்பச்சை ஒளியை இரத்தம் நன்றாக விழுங்கும் என்பதால் ரூபி கண் வைத்தியத்திலிருந்து மெல்ல ஓய்ந்தது. ஆனால் புள்ளிச் சூட்டு முறை ஓயவில்லை. அமெரிக்காவில் 1,700க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நடந்த பெரிய சோதனை 1976இல் அதன் பலனை உறுதிப்படுத்தியது: முற்றிய நிலையில் பார்வை பறிபோகும் அபாயத்தை அது பாதிக்கு மேல் குறைக்கிறது. இப்போது ஊசி மருந்துகள் வந்திருக்கின்றன. மாதக்கணக்கில் திரும்பத் திரும்பப் போடவேண்டியவை அவை. தூரத்திலிருந்து வரும் ஏழை நோயாளிக்குச் சில அமர்வுகளில் முடியும் லேசர் இன்றும் பெரிய துணை.

இனி பதுளைக்கு வருவோம். மடுல்சீமையிலோ லுணுகலையிலோ கொழுந்து பறிக்கும் ஐம்பது வயது அம்மா ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். சீனி இருப்பது தெரியும். மாதாமாதம் கிளினிக்கில் வில்லை எடுக்கிறார். கண் தெளிவாகத்தான் தெரிகிறது. பிறகு எதற்காக ஒரு நாள் பேரை, அதாவது அன்றைய கூலியை, விட்டுவிட்டு, பஸ் ஏறி, பதுளைப் பெரியாஸ்பத்திரிக் கண் பிரிவில் வரிசையில் நிற்க வேண்டும்? தேவையானால் அங்கிருந்து கண்டிக்கோ கொழும்புக்கோ அனுப்புவார்கள். இன்னும் இரண்டு மூன்று பேர் போகும், கூடப் போகிறவருக்கும் போகும். இந்தக் கணக்கை அவர் போடுவதில் பிழை காண எனக்கு மனம் வரவில்லை. ஆனால் இந்த நோயின் கபடம் அங்கேதான் இருக்கிறது. லேசர் காப்பாற்றக்கூடிய கட்டத்தில் பார்வை தெளிவாகவே இருக்கும். மங்கத் தொடங்கிய பின் வருகிறவருக்கு லேசர் இருப்பதைக் காக்குமே தவிர, போனதைக் கொண்டுவராது.

ஆகவே குறை லேசரில் இல்லை. கண்மணியை விரித்து விழித்திரையைப் படமெடுக்கும் கமரா ஒன்று வண்டியில் தோட்டம் தோட்டமாகப் போனால், பாதி வழக்கு தீர்ந்துவிடும். இரத்ததானத்துக்கும் தடுப்பூசிக்கும் வண்டி ஏறிவரும் மலைக்குக் கண் கமரா ஏறிவர ஏன் முடியாது? தோட்டக் கம்பனிகளும் மாகாணச் சுகாதாரத் திணைக்களமும் சேர்ந்து உட்கார்ந்து பேசினால் முடிகிற காரியம்.

ஒரு சில்லறை விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கண்புரையை லேசரால் கரைத்துவிடுவார்கள் என்ற நம்பிக்கை நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. புரையைப் பொதுவாகக் கத்தியாலோ மிகையொலிக் கருவியாலோதான் எடுக்கிறார்கள். சில மாதமோ வருடமோ கழித்துப் பின்சவ்வு மங்கினால் அதைத் திறக்கத்தான் லேசர். இன்னொன்று, திருவிழாக் கடைகளில் பிள்ளைகளுக்கு வாங்கிக்கொடுக்கும் லேசர் டோர்ச். கிரகணத்தில் அந்த மாணவருக்கு நேர்ந்ததை அது சில கணத்தில் செய்துவிடும். விளையாட்டுச் சாமானல்ல.

பச்சையும் கறுப்புத் தோலும்

தோட்டத்துப் பாட்டிமாரின் முன்கைகளில் பச்சை குத்தியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கோலம், தேள், புருஷன் பேர். அந்த நீலப்பச்சை மையை ரூபிக் கதிர் நன்றாகப் பிடிக்கும். அமெரிக்கத் தோல் வைத்தியர் லியோன் கோல்ட்மன் 1960களின் முற்பகுதியிலேயே ரூபியைத் தோலில் பரீட்சித்தார். துடிப்பை நூறு கோடியில் சில பங்கு விநாடிக்குச் சுருக்கும் நுட்பம் வந்த பின் வேலை சுத்தமானது: மைத்துகள் வெடித்துச் சிதறும், சுற்றியுள்ள தோல் சூடாகுமுன் துடிப்பு முடிந்துவிடும், துகள்களை உடம்பே மெதுவாக அப்புறப்படுத்தும். சிவப்பு மைக்கு மட்டும் ரூபி பலிக்காது. காரணம் இரத்தத்துக்குச் சொன்னதேதான்.

பாட்டிமார் யாரும் அழிக்கக் கேட்கவில்லை. கேட்கிறவர்கள் பேரப்பிள்ளைகள். வேலைக்கு வெளிநாடு போகப் பச்சையை அழிக்கவேண்டியவர்கள், மேலுதட்டு ரோமத்தை நீக்க விரும்புகிறவர்கள். 1990களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் ரோமம் நீக்க அனுமதி பெற்ற முதல் லேசர்களில் ரூபியும் ஒன்று. வெள்ளைத் தோலுக்கும் கறுப்பு ரோமத்துக்கும் பொருத்தமான கருவி அது. ரூபியின் அலைநீளத்தைத் தோலின் கருநிறப் பொருளும் ஆவலோடு விழுங்கும். நம் நிறத்தில் தோலே வெந்து தழும்போ வெண்திட்டோ விழலாம். நம் தோலுக்கு 1,064 நனோமீற்றர் அலைநீளமுள்ள யாக் லேசர் பாதுகாப்பு கூடியது. அழகு நிலையத்தில் ‘லேசர்’ என்ற பலகையைப் பார்த்ததும் உட்காராமல், என்ன லேசர், யார் போடுகிறார், தோல் வைத்தியர் பார்த்தாரா என்று கேளுங்கள். கேட்டால் முகம் சுளிக்கிற இடத்தில் போடாதீர்கள்.

தேயிலைத் தொழிற்சாலைக்கு லேசர் வந்துவிட்டதா என்றும் சிலர் கேட்பதுண்டு. தூளிலிருந்து காம்பைப் பிரிக்கும் நிறம்பிரி இயந்திரம் கமராவாலும் காற்றுவீச்சாலும் வேலை செய்கிறது. ரூபிக்கு அங்கே சோலியில்லை.

நிலவையும் மலையையும் அளந்த கதிர்

1962 மே மாதம் அமெரிக்காவின் எம்ஐடி நிறுவனத்தில் லூயி ஸ்மலினும் ஜோர்ஜியோ ஃபியோக்கோவும் ரூபித் துடிப்புகளை நிலவின் மேல் அடித்து, திரும்பிவந்த ஒருசில ஒளித்துகள்களைப் பிடித்தார்கள். அடுத்த ஆண்டுகளில் ஃபியோக்கோ அதே வகைக் கதிரை வானுக்குச் செலுத்தி, 20 கிலோமீற்றர் உயரத்தில் மிதக்கும் தூசுப் படையைக் கண்டறிந்தார். ஒளியை அனுப்பி, எதிரொளி வரும் நேரத்தை அளந்து, எதிரே இருப்பதை அறிவது. லைடார் என்று இப்போது சொல்கிறார்களே, அதன் பிறப்பு இங்கேதான். இராணுவங்களும் விடவில்லை, அமெரிக்காவின் எம்60 டாங்கிகளில் ரூபித் தூரமானி பொருத்தப்பட்டது.

1969 ஜூலையில் அப்பல்லோ 11 வீரர்கள் நிலவில் 100 சிறு முப்பட்டைக் கண்ணாடிகள் பதித்த தட்டு ஒன்றை வைத்துவிட்டு வந்தார்கள். எந்தத் திசையிலிருந்து ஒளி வந்தாலும் வந்த வழியே திருப்பி அனுப்பும் கண்ணாடி. ஓகஸ்ட் 1ஆம் திகதி கலிபோர்னியாவின் லிக் வானாய்வகத்திலிருந்து புறப்பட்ட ரூபிக் கதிர் அதில் பட்டுச் சுமார் இரண்டரை விநாடியில் திரும்பியது. டெக்சாஸின் மக்டொனல்ட் வானாய்வகம் 1980களின் நடுப்பகுதிவரை ரூபியாலேயே நிலவை அளந்துவந்தது. நிலவு ஆண்டுக்கு 3.8 சென்ரிமீற்றர் நம்மை விட்டு விலகுகிறது என்பது இப்படி அளந்து தெரிந்த சேதி.

தியத்தலாவையில் நில அளவை, படமாக்கல் நிறுவகம் இருக்கிறது. இந்நாட்டின் நில அளவையாளர்கள் பயிலும் இடம். பண்டாரவளைப் பக்கம் வீதியோரத்தில் முக்காலியில் கருவி வைத்து ஒருவர் குனிந்து பார்க்க, தூரத்தில் இன்னொருவர் கம்பின் உச்சியில் கண்ணாடிக் குண்டு ஒன்றைப் பிடித்து நிற்பதைக் கண்டிருப்பீர்கள். அந்தக் கண்ணாடியும் நிலவில் கிடக்கும் கண்ணாடியும் ஒரே வகை. கணக்கும் ஒன்றே. ஒரு விநாடியை நூறு கோடி பங்காக்கினால் ஒரு பங்கில் ஒளி 30 சென்ரிமீற்றர் ஓடும். போய்வருவதால் தூரம் 15 சென்ரிமீற்றர். இன்றைய கருவிகள் அதையும் நுணுக்கி மில்லிமீற்றருக்கு இறங்கிவிட்டன. ரூபியின் இடத்தைச் சிறிய, மலிவான, ஓயாமல் துடிக்கக்கூடிய அகச்சிவப்பு லேசர்கள் பிடித்துக்கொண்டன. ரூபியால் முடியாதது அது. ஒரு துடிப்புக்குப் பின் ஆறி எழ வேண்டிய கல் அது.

ஊவாவில் மில்லிமீற்றரின் விலை என்ன? 2014 ஒக்டோபர் 29 காலை, கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை இறங்கி லயங்களைப் புதைத்தது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் அந்த இடம் ஆபத்தென்று எச்சரித்திருந்தது. எச்சரிக்கை காகிதத்தில் இருந்தது. சனம் லயத்துக் காம்பராவில் இருந்தது. 2023 மார்ச்சில் பூணாகலை கபரகலையில் மண் சரிந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொட்டிய மழையில் பதுளை மாவட்டம் முழுக்க மலைகள் அவிழ்ந்தன. இவற்றை இயற்கையின் சீற்றம் என்று மட்டும் எழுதிவிட்டுப் போவது சோம்பேறித்தனம். மலை பெரும்பாலும் சொல்லாமல் வருவதில்லை. சுவரில் வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரென்று கலங்கிய ஊற்று, வழக்கத்துக்கு மாறாக அடைபட்ட கான். அதற்கும் முன்பே, கண்ணுக்குத் தெரியாத அளவில், நிலம் நகரத் தொடங்கியிருக்கும்.

அதைப் பார்க்கும் வித்தை இங்கே இருக்கிறது. பசறை வீதியில் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் அமைந்த பதுலுசிரிகமச் சரிவே மெதுவாக நகர்ந்த நிலம்தான். ஜப்பானின் ஜெய்க்கா உதவியோடு கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அங்கே நகர்வைப் பதியும் கருவிகளை நட்டது. சரிவுக்குள் துளையிட்டு நிலத்தடி நீரை வடித்தது. பெரகலை–ஹாலிஎல வீதியில் கஹகொல்லவிலும் சரிவைக் கட்டுப்படுத்தும் வேலை நடந்தது. விமானத்திலிருந்தோ ட்ரோனிலிருந்தோ லைடார் செலுத்தினால் விநாடிக்குப் பல்லாயிரம் துடிப்புகள் இறங்கும். சில தேயிலைச் செடியில் படும், சில சவுக்கு மரத்தில் படும், சில இலைகளின் இடைவெளியில் நுழைந்து மண்ணைத் தொடும். கடைசியாகத் திரும்பிவந்த ஒளிகளை மட்டும் பொறுக்கி எடுத்தால், செடி கொடியெல்லாம் உரிந்த வெறும் மலை திரையில் தெரியும். நூறு வருடத்துக்கு முன் சரிந்து, மேலே தேயிலை நட்டு மறைத்த பழைய சரிவின் விளிம்புகூட அதில் தப்பாது. சரிந்த இடம் மறுபடி சரியும் என்பது மண்ணியலின் பாலபாடம். அப்படிப்பட்ட இடங்களில் எத்தனை லயங்கள் நிற்கின்றன என்று எண்ணிவிடலாம்.

பதுளைக்கும் நுவரெலியாவுக்கும் மண்சரிவு அபாய வரைபடம் வரையும் வேலை 1990களின் தொடக்கத்திலேயே ஆரம்பமாயிற்று. ஆக, விஞ்ஞானிகள் தூங்கவில்லை. வரைபடம் கச்சேரியிலும் கொழும்பிலும் இருக்கிறது. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக் களத்துப் பலகையில் இல்லை. சிவப்பு நிறம் தீட்டிய நிலத்தில் குடியிருக்கிறவருக்கு அது சிவப்பென்று அவருடைய மொழியில் சொல்லியிருக்கிறார்களா? சொன்னாலும், போ என்றால் எங்கே போவது? லயத்துக் காம்பராவும் அதைச் சுற்றிய நிலமும் குடியிருப்பவர் பேரில் இல்லாதவரை, எச்சரிக்கை மேலும் ஒரு கடுதாசிதான். லேசர் மில்லிமீற்றரை அளந்து தரும்; ஏழு பேர்ச்சஸ் காணியை அது பிரித்துத் தராது. காணி கொடுக்க வேண்டியவர்கள் அரசாங்கமும் தோட்டக் கம்பனிகளும். மீரியபெத்தைக்குப் பிறகு இதைச் சொல்லிக்கொண்டே இருக்கிறோம். டித்வாவுக்குப் பிறகும் மெதுவாக நடப்பதற்கு அவர்களுக்கு எந்தச் சாக்கும் இல்லை.

அவர்கள் செய்யும்வரை நம் கையில் இருப்பதைச் செய்வோம். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் அவதானம், 100 பெய்தால் எச்சரிக்கை, 150 பெய்தால் வெளியேற வேண்டும் என்பது கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அளவு. ஒவ்வொரு டிவிஷனிலும் மழைமானி ஒன்றும் அதை வாசிக்கத் தெரிந்த இரண்டு இளைஞர்களும் இருந்தால் கொழும்பு அறிவிப்புக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. ஐப்பசி மழை தொடங்குமுன் தோட்டத் தலைவர்மாரும் தொழிற்சங்கங்களும் இதைக் கேட்டு வாங்க வேண்டும். தங்கள் தோட்டத்தின் அபாய வரைபடத்தைத் தமிழில் பிரட்டுக் களத்தில் ஒட்டச் சொல்லியும் கேட்க வேண்டும். சீனி வருத்தம் உள்ள வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: அடுத்த கிளினிக் நாளில் வில்லையை வாங்கிக்கொண்டு திரும்பிவிடாமல், “கண்ணுக்குப் பின்னால பார்க்கத் துண்டு எழுதிக் கொடுங்க டொக்டர்” என்று நீங்களே கேளுங்கள். பார்வை தெளிவாக இருந்தாலும், வருடத்துக்கு ஒரு தடவை.